அத்தியாயம் 7: லோடு ஏறும்போது இதயத் தசைக்கு ரத்தம் போகிறதா?

ஒரகடத்தில் குளோபல் ஆட்டோமோட்டிவ் ரிசர்ச் சென்டர் என்ற வாகனச் சோதனை மையம் இருக்கிறது. என்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டுக் காதால் கேட்டுவிட்டு அங்கே யாரும் சான்றிதழ் கொடுப்பதில்லை. லோடு கொடுத்து ஓடவிட்டுத்தான் அளவெடுக்கிறார்கள். எரிபொருள் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் ஐடிலிங்கில் என்ஜின் சமர்த்தாக ஓடும், மேடேறும்போதுதான் திணறும். இருங்காட்டுக்கோட்டை முதல் வல்லம் வடகால் வரை எந்த ஷாப் ஃப்ளோரில் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். ஆனால் அதே ஆள், நெஞ்சு கனக்கிறது என்று கிளினிக்குக்குப் போவார். படுக்கவைத்து எடுத்த இ.சி.ஜி. ‘நார்மல்’ என்று வந்ததும் அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு நைட் ஷிஃப்டுக்குப் பஸ் ஏறிவிடுவார்.

அந்தத் தாளில் வராத விஷயத்தைப் பற்றியது இந்த அத்தியாயம். ஓய்வாக இருக்கும்போதும் உழைக்கும்போதும் இதயத் தசைக்குள் ரத்தம் எவ்வளவு போகிறது என்று படமெடுத்துப் பார்க்கும் சோதனை இது. ஆஸ்பத்திரிகளில் ‘ஸ்ட்ரெஸ் தாலியம்’ என்பார்கள். டாக்டர் சீட்டில் ‘ஸ்ட்ரெஸ் மிபி’ என்றோ ‘மயோகார்டியல் பெர்ஃப்யூஷன் ஸ்கேன்’ என்றோ எழுதுவார். பெயர்தான் பல. ஊசியில் ஏற்றும் கதிரியக்க மருந்தில் தாலியத்தின் இடத்தை டெக்னீசியம் பிடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. பழைய பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. இப்போதே நெஞ்சு அழுத்துகிறது, வியர்த்துக் கொட்டுகிறது, வலி இடது கைக்கோ தாடைக்கோ போகிறது என்றால் இந்த அத்தியாயத்தை மூடிவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். ஸ்கேனுக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்கும் நேரம் அதுவல்ல. ஆம்புலன்ஸ் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம். 2023 ஜூனில் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி அங்கேயும் துணை சுகாதார நிலையங்களிலும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் என்று 14 மாத்திரைகளை முதல் டோஸாகக் கொடுத்துவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

ஓய்வில் ஏன் தெரிவதில்லை

இதயம் உடம்புக்கெல்லாம் ரத்தம் அனுப்பினாலும், தன் அறைகளில் நிரம்பியிருக்கும் ரத்தத்தை எடுத்து அது பிழைப்பதில்லை. இதயத் தசைக்கென்று கரோனரிக் குழாய்கள் தனியாக இருக்கின்றன. ஓய்வில் அவற்றின் வழியே நிமிடத்துக்கு ஏறக்குறைய 250 மில்லி ரத்தம் போகிறது. அதிலிருக்கும் ஆக்சிஜனில் முக்கால் பங்கை இதயத் தசை அப்போதே உறிஞ்சிக்கொள்கிறது. மற்ற தசைகள் உழைப்பு கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் கொஞ்சம் ஆக்சிஜனைப் பிழிந்துகொள்ளும். இதயத் தசைக்கு அந்த வசதி கிடையாது. கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமென்றால் கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும். ஆரோக்கியமான குழாய்கள் விரிந்து கொடுத்து, ஓட்டத்தை 3 முதல் 5 மடங்கு வரை உயர்த்தும்.

அடைப்பு என்ன செய்கிறது என்பதை 1974-இல் லான்ஸ் கூல்ட் என்ற அமெரிக்க மருத்துவர் விலங்குச் சோதனையில் அளந்து காட்டினார். குழாயின் விட்டம் பாதியாகச் சுருங்கினாலே உச்சகட்ட ஓட்டம் குறையத் தொடங்குகிறது. ஓய்வு ஓட்டமோ 85 சதவீதத்துக்கு மேல் அடைக்கும் வரை அசைந்து கொடுப்பதில்லை. அடைப்புக்குக் கீழே உள்ள நுண்குழாய்கள் தாமாகவே விரிந்து ஈடுகட்டிவிடுவதுதான் காரணம். ஆகவே 70 சதவீத அடைப்போடு ஒருவர் டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர் இதயத்தில் எந்தக் குறையும் தெரியாது. அவரே டயர் அடுக்கும் ரேக்கிலோ, பெயின்ட் ஷாப் வெக்கையிலோ, கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதோ மாட்டிக்கொள்வார்.

இன்னொன்றும் உண்டு. ரத்தம் போதாமல் போகும்போது எல்லா அறிகுறியும் ஒரே நேரத்தில் வருவதில்லை. முதலில் தசையின் ஒரு பகுதிக்கு ரத்தம் குறைகிறது. அடுத்து அந்தப் பகுதியின் அசைவு மந்தமாகிறது. அதன் பிறகுதான் இ.சி.ஜி. மாறுகிறது. வலி வருவது கடைசியில். சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு அந்தக் கடைசிக் கட்டம் வருவதே இல்லை. ரத்த ஓட்டத்தையே படமெடுக்கும் சோதனை இந்த வரிசையின் முதல் படியிலேயே கையை வைக்கிறது. டிரெட்மில்லில் ஓடவிட்டு இ.சி.ஜி.யை மட்டும் பார்க்கும் சாதாரண டி.எம்.டி., அடைப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேரைக் கண்டுபிடிக்கும். இந்த ஸ்கேன் நூற்றுக்கு 85 பேர் அளவில் பிடித்துவிடுகிறது.

யாருக்குத் தேவை, யாருக்கு வேண்டாம்

தெற்காசியர்களுக்கு மாரடைப்பு சீக்கிரமே வருகிறது என்பது உண்மை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வந்த வயதின் நடுப்புள்ளி தெற்காசியர்களுக்கு 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. அதற்காக 30 வயது ஆபரேட்டர்கள் எல்லோரும் வரிசையில் நின்று இந்த ஸ்கேனை எடுக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. எந்தத் தொந்தரவும் இல்லாதவரின் ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ பேக்கேஜில் இதைச் சேர்த்து விற்றால் வாங்காதீர்கள். அவருக்கு பி.பி., சர்க்கரை, கொழுப்பு பார்ப்பதும் புகையிலையை நிறுத்தச் சொல்வதும்தான் வேலை.

மாடி ஏறினால் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்பவருக்கு இது பயன்படும். டி.எம்.டி. முடிவு ‘சந்தேகம்’ என்று வந்தவருக்கும் பயன்படும். மூட்டுவலியால் ஓட முடியாதவர், இ.சி.ஜி.யில் ‘எல்.பி.பி.பி.’ என்ற இடது கிளைத் தடை உள்ளவர், பேஸ்மேக்கர் வைத்தவர் ஆகியோருக்கு டி.எம்.டி.யால் சரியான பதில் சொல்ல முடியாது, அவர்களுக்கும் இதுதான். ஆஞ்சியோவிலோ சி.டி. ஆஞ்சியோவிலோ 50, 60 சதவீத அடைப்பு தெரிந்து, ஸ்டென்ட் வைப்பதா மாத்திரையோடு நிறுத்துவதா என்று டாக்டரே யோசிக்கும் இடத்தில் இதற்கு மதிப்பு மிகவும் அதிகம். ஆஞ்சியோ குழாயின் வடிவத்தைக் காட்டுகிறது. அந்தக் குறுகலால் கீழே உள்ள தசை பட்டினி கிடக்கிறதா என்பதை இந்த ஸ்கேன்தான் சொல்கிறது.

ஸ்டென்ட் வைத்து ஒரு வருடம் ஆகிவிட்டது, நன்றாக இருக்கிறேன், ‘சும்மா ஒரு தடவை’ பார்த்துவிடலாம் என்பவர்கள் உண்டு. தென் கொரியாவில் 1,706 பேரை வைத்து நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், தொந்தரவு இல்லாதவர்களுக்கு வழக்கமாக இப்படிச் சோதித்ததால் மரணமோ மாரடைப்போ குறையவில்லை. டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்: “இந்த ரிசல்ட் எப்படி வந்தாலும் மருந்து மாறுமா சார்?” மாறாது என்றால் ஸ்கேன் எதற்கு?

லோடு ஏறும்போது தசைக்கு ரத்தம் போதுகிறதா என்ற கேள்விக்கு ஸ்ட்ரெஸ் எக்கோவும் பதில் சொல்லும். கதிர்வீச்சு கிடையாது, செலவும் குறைவு. ஆனால் செய்கிறவர் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும். இளம் வயதுப் பெண்கள் முதலில் அதைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

எங்கே, யார் பணத்தில்

காமா கேமராவும் நியூக்ளியர் மெடிசின் துறையும் உள்ள இடங்களில்தான் இதைச் செய்ய முடியும். நம் வட்டாரத்துக்குக் கிழக்கே சென்னை; மேற்கே தேசிய நெடுஞ்சாலை 48 வழியாகப் போனால் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இ.எஸ்.ஐ. உண்டு. உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளியின் பங்கு 3.25 சதவீதம். நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் இ.எஸ்.ஐ. கார்டை நீட்டினால் நடக்காது. இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கி, அங்கிருந்து இ.எஸ்.ஐ. மருத்துவமனை, தேவைப்பட்டால் அவர்கள் ஒப்பந்தம் போட்டிருக்கும் மருத்துவமனை என்று ரெஃபரல் சீட்டோடுதான் போக வேண்டும். காண்ட்ராக்டில் இருப்பவர்கள் முதலில் தங்கள் ஐ.பி. எண்ணில் காண்ட்ராக்டர் பணம் கட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். அலைச்சலில் பாதி அங்கேதான் தொடங்குகிறது. இ-பெஹ்சான் அட்டை, ஆதார், பழைய இ.சி.ஜி., எக்கோ எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து வேலை செய்யும் நண்பர் என்றால், அவர் மொழி தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்துப் போடவிடக் கூடாது.

சம்பளம் அந்த வரம்பைத் தாண்டியவர்களுக்குக் கம்பெனி மெடிக்ளெய்ம் இருக்கும். வழக்கமாக அது அட்மிஷனுக்குத்தான் பணம் தரும். வெளிநோயாளியாக எடுக்கும் ஸ்கேனுக்குத் தராது. ஸ்கேனை அடுத்து ஆஞ்சியோவுக்கு அட்மிட் ஆனால், அதற்கு முந்தைய 30 நாள் சோதனைச் செலவைப் பல பாலிசிகள் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருவார்கள். இந்தச் சோதனை உங்கள் அட்டையில் வருமா என்பதை ஆஸ்பத்திரியில் உள்ள திட்டக் கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுவிடலாம்.

முந்தின நாள்

இந்த ஸ்கேன் தோற்றுப்போவதற்கு மெஷின் காரணமாவது குறைவு. முந்தின நாள் குடித்த டீயும் போட்ட மாத்திரையும்தான் பெரும்பாலும் காரணம். லோடு சரியாக ஏறாவிட்டால் அடைப்பு இருந்தாலும் படம் அழகாக வரும். ‘நார்மல்’ என்று எழுதிய தாளோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். சோதனையே எடுக்காமல் இருப்பதைவிட இது ஆபத்து, ஏனென்றால் அடுத்த முறை நெஞ்சு வலித்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

டீயை எடுத்துக்கொள்வோம். ஓட முடியாதவர்களுக்கு அடினோசின் போன்ற மருந்தை நரம்பில் ஏற்றிக் கரோனரிக் குழாய்களை விரியவைக்கிறார்கள். அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபின் முன்பே உட்கார்ந்துகொள்கிறது. மருந்து ஏறுகிறது, குழாய் விரிவதில்லை. குறைந்தது 12 மணி நேரம் காஃபின் கூடாது. சில மையங்கள் 24 மணி நேரம் என்கின்றன. டீ, காபி மட்டும் என்று நினைக்காதீர்கள். கோலா, எனர்ஜி டிரிங்க், சாக்லேட், டீகாஃப் காபி எல்லாமே சேர்த்தி. சாரிடான் போன்ற தலைவலி மாத்திரையிலும் காஃபின் இருக்கிறது. நைட் ஷிஃப்டில் தூக்கத்தை விரட்ட மூன்று டீ குடித்துவிட்டுக் காலையில் அப்படியே ஸ்கேனுக்கு வருகிறவர் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முந்தின இரவு ஷிஃப்டை மாற்றிக் கேளுங்கள். தூங்காத உடம்பு டிரெட்மில்லில் பாதியிலேயே இறங்கிவிடும்.

ஓடித்தான் சோதனை என்று முடிவாகியிருந்தாலும் டீயை விட்டுவிடுங்கள். ஓடியும் இலக்கு இதயத் துடிப்பை எட்டாதவர்களை அன்றைக்கே மருந்துக்கு மாற்றும் வழி திறந்திருக்கும்.

அடுத்தது மாத்திரை. மெட்டோபுரோலால், அடெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர்கள் துடிப்பை ஏறவிடாது. சோதனைக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்னால் இவற்றை நிறுத்தச் சொல்லலாம். ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென்று விட்டால் சிலருக்கு நெஞ்சுவலியே வந்துவிடும். ஏற்கெனவே அடைப்பு உறுதியாகி, மருந்து வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக எடுக்கும் ஸ்கேன் என்றால், மாத்திரையோடேயே வரச் சொல்வதும் உண்டு. இழுப்புக்கு டெரிஃபிலின் போடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும். காஃபின் செய்யும் அதே வேலையை அதுவும் செய்யும். போதாததற்கு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அடினோசினே மூச்சை அடைத்துவிடலாம். அவர்களுக்கு டோபுட்டமின் கொடுத்துப் பார்ப்பார்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள், நான்கு மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்க வேண்டிய காலையில் எத்தனை யூனிட் போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பீடி, சிகரெட், ஹான்ஸ், கூல் லிப் எதுவும் அன்றைக்கு வேண்டாம். மறுநாளும் வேண்டாம் என்று எழுதத்தான் கை வருகிறது.

சேஃப்டி ஷூவோடு வந்து நிற்காதீர்கள். இரும்பு மூக்கு வைத்த ஷூவில் சரிவான டிரெட்மில்லில் ஏற முடியாது; கேன்வாஸ் ஷூ எடுத்துப் போங்கள். பெண்களுக்குச் சேலையைவிட சுடிதார் வசதி, துப்பட்டா இல்லாமல். கர்ப்பம் இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ பால் கொடுப்பவராக இருந்தாலோ அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வெல்டிங் மூட்டுகளை எக்ஸ்ரே, காமா கதிரில் சோதிக்கும் என்.டி.டி. வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. மார்பில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜை ஸ்கேனுக்கு எடுத்துப் போகாதீர்கள். உங்கள் உடம்பில் ஏற்றிய மருந்தின் கதிர்வீச்சு அதில் வேலையிடக் கதிர்வீச்சாகப் பதிவாகிவிடும். ஸ்கேன் தேதியைக் கம்பெனியின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எத்தனை நாள் கழித்து பேட்ஜ் போடலாம் என்று அவரே சொல்வார்.

ஸ்கேன் நாள்

நேரத்தில் போய்ச் சேருங்கள். இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை. டெக்னீசியத்தின் அரை ஆயுள் 6 மணி நேரம். காலை 8 மணிக்கு உங்களுக்காக அளந்து வைத்த ஊசியின் வீரியம் மதியம் 2 மணிக்குப் பாதியாகிவிடும். சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் பஸ்களுக்குப் பின்னால், பூந்தமல்லியில் லாரிகளுக்குப் பின்னால் நின்று 2 மணி நேரம் தாமதமானால், அதில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். நீங்கள் வரவே இல்லையென்றால் அதை நாளைக்கென்று எடுத்துவைக்கவும் முடியாது. டெக்னீசியத்துக்குத் தாய்த் தனிமம் மாலிப்டினம். அதன் அரை ஆயுள் 66 மணி நேரம்தான். ஆகவே அதிலிருந்து டெக்னீசியத்தை எடுக்கும் ‘ஜெனரேட்டர்’ பெட்டியும் திரும்பத் திரும்பப் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். 2009-இல் மாலிப்டினம் தயாரித்துவந்த கனடாவின் சாக் ரிவர் அணு உலை பழுதாகி நின்றபோது உலகம் முழுக்க ஸ்கேன்கள் தள்ளிப்போயின. முந்தின நாள் மாலையில் “ஐசோடோப் வந்துடுமா?” என்று போன் செய்து கேட்பது நல்ல பழக்கம்.

பெரும்பாலும் ஓய்வுப் படம் முதலில். கையில் வென்ஃப்ளான் போட்டு, சிறிய அளவில் மருந்து ஏற்றுவார்கள். மருந்து ரத்தத்தோடு போய், ரத்தம் எவ்வளவு வந்ததோ அந்த விகிதத்தில் தசைக்குள் தங்கிவிடும். முக்கால் மணி நேரம் கழித்துக் கேமராவுக்குக் கீழே படுக்கவைப்பார்கள். “ரெண்டு கையையும் தலைக்கு மேல வெச்சுக்குங்க, அசையாதீங்க, இருமல் வந்தா சொல்லுங்க.” 15, 20 நிமிடம். தோள்பட்டை வலி உள்ளவர்களுக்கு அதுதான் அன்றைய பெரிய கஷ்டம்.

பிறகு ஒரு பொறி. “டிஃபன் சாப்பிட்டுட்டு மூணு மணி நேரம் கழிச்சு வாங்க” என்பார்கள். ஈரலிலும் பித்தப்பையிலும் தேங்கிய மருந்து இறங்க ஏதாவது சாப்பிடுவது நல்லதுதான். ஆஸ்பத்திரி வாசலிலேயே டீக்கடை இருக்கும். நேற்றிலிருந்து காத்த விரதத்தை அங்கே முறித்துக்கொள்ளாதீர்கள்! பால் குடிக்கலாம், இட்லி சாப்பிடலாம். டீ மட்டும் ஸ்ட்ரெஸ் ஊசி முடிந்த பிறகு.

டிரெட்மில் வழக்கமாக புரூஸ் முறையில் ஓடும். ராபர்ட் புரூஸ் என்ற அமெரிக்க இதய மருத்துவர் வகுத்தது. 3 நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் ஏறும். முதல் கட்டம் மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீத ஏற்றம். மூன்றாவது கட்டத்தில் 5.5 கி.மீ., 14 சதவீத ஏற்றம். 220-இலிருந்து வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தைத் தொட வேண்டும். 45 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு 149 துடிப்பு. மூச்சு வாங்கும் உச்சத்தில் முதல் ஊசியைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு மருந்தை ஏற்றுவார்கள். அதற்குப் பிறகும் ஒரு நிமிடமாவது ஓட வேண்டும். மருந்து தசையில் போய் உட்காரும் நிமிடம் அதுதான். “அண்ணே, இன்னும் ஒரே நிமிஷம், விட்டுடாதீங்க” என்று டெக்னீஷியன் கத்துவதற்கு அர்த்தம் இருக்கிறது. ஆனால் நெஞ்சுவலி, தலைசுற்றல் வந்தால் உடனே சொல்லிவிட வேண்டும். வீரம் காட்டுகிற இடமல்ல. டாக்டர் பக்கத்திலேயே நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

மருந்து முறையில் அடினோசின் 4 முதல் 6 நிமிடம் ஏறும். முகம் சூடாகும், நெஞ்சில் பாரம் வைத்தது போலிருக்கும், மூச்சு இழுக்கும். பயந்துவிடாதீர்கள். ரத்தத்தில் அதன் ஆயுள் சில விநாடிகள்தான். சொட்டை நிறுத்தியதும் இறங்கிவிடும். எல்.பி.பி.பி. உள்ளவர்களுக்கு ஓட முடிந்தாலும் மருந்து முறைதான் சரி. ஓடினால் இல்லாத குறையைப் படம் காட்டிவிடும்.

கதிர்வீச்சுக் கணக்கு: இரண்டு படமும் சேர்ந்து ஏறக்குறைய 10 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மனிதருக்கு இயற்கையாக வருவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4. ஆக, நான்கு வருடத்துக் கதிர் ஒரே நாளில். தேவையுள்ளவருக்கு இது ஏற்கத்தக்க விலை. தேவையில்லாதவருக்குக் கொடுக்கக் கூடாதது. சில மையங்கள் ஸ்ட்ரெஸ் படத்தை முதலில் எடுத்து, அது சுத்தமாக இருந்தால் ஓய்வுப் படத்தை விட்டுவிடுகின்றன. “ஸ்ட்ரெஸ் மட்டும் எடுத்துப் பார்க்க முடியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து நிறையத் தண்ணீர் குடியுங்கள். கைக்குழந்தையை அன்றிரவு மட்டும் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். சில நாட்களுக்குள் விமானப் பயணம் இருந்தால் ஆஸ்பத்திரியில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையக் கருவி சத்தம் போடலாம்.

ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் தேட வேண்டியது படத்தை அல்ல. ஓடி எடுத்த ஸ்கேன் என்றால் “எட்டிய இதயத் துடிப்பு” என்ற வரியைத் தேடுங்கள். 85 சதவீதத்துக்கு ஓரிரு புள்ளி குறைந்தால் பரவாயில்லை. 68 சதவீதத்தில் நிறுத்திவிட்டுக் கீழே ‘நார்மல்’ என்று இருந்தால், அந்த நார்மலை டாக்டரிடம் கேள்வியாகக் கொண்டுபோங்கள்.

படத்தில் இதயத்தை 17 துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவார்கள். இந்தத் தேர்வில் மதிப்பெண் ஏறினால் கெடுதல். ஓய்விலும் ஸ்ட்ரெஸ்ஸிலும் ஒரே இடத்தில் மருந்து சேரவில்லையென்றால் ‘ஃபிக்ஸ்டு’: பழைய மாரடைப்பின் தழும்பு. ஸ்ட்ரெஸ்ஸில் மட்டும் குறைந்து ஓய்வில் நிரம்பினால் ‘ரிவர்சிபிள்’: தசை உயிரோடு இருக்கிறது, லோடு ஏறினால் பட்டினி கிடக்கிறது. சிகிச்சையால் காப்பாற்ற முடிகிற தசை இதுதான். இப்படிப் பாதிக்கப்பட்ட பகுதி மொத்தத் தசையில் 10 சதவீதத்துக்குக் குறைவா கூடவா என்று பாருங்கள். கூட என்றால் டாக்டர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். உதரவிதானம் மறைப்பதால் ஆண்களுக்கு இதயத்தின் கீழ்ச்சுவரிலும், மார்பகம் மறைப்பதால் பெண்களுக்கு முன்சுவரிலும் பொய்யான குறை தெரிவது சகஜம். குப்புறப் படுக்கவைத்து இன்னொரு முறை எடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். சிவப்பு, நீலம் என்ற வண்ணங்கள் கம்ப்யூட்டர் பூசுபவை. வாட்ஸாப்பில் வந்த படத்தை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்தில் தீர்ப்பு எழுதாதீர்கள்.

ஒரு ஓட்டையும் இருக்கிறது. இந்த ஸ்கேன் ஒரு பகுதியை இன்னொரு பகுதியோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. மூன்று பெரிய குழாய்களிலும் ஒரே அளவு அடைப்பு இருந்தால் எல்லாப் பகுதியும் சமமாகக் குறைந்து, படம் சீராகத் தெரியலாம். அப்போது ‘டி.ஐ.டி.’ என்ற வரி காட்டிக்கொடுக்கும்: ஸ்ட்ரெஸ்ஸுக்குப் பிறகு இதயத்தின் அறை பெரிதாகத் தெரிகிறதா என்ற கணக்கு அது. ரத்த ஓட்டத்தை மில்லி கணக்கிலேயே அளக்கும் பெட் ஸ்கேனுக்கு இந்தக் குறை இல்லை. ஆனால் அது கிடைக்கும் இடங்கள் குறைவு.

நல்ல முறையில் லோடு ஏற்றி எடுத்து, சுத்தமாக வந்த ஸ்கேனுக்கு அர்த்தம் பெரியது. அடுத்த ஓராண்டில் மாரடைப்போ இதய மரணமோ வரும் வாய்ப்பு பொதுவாக 1 சதவீதத்துக்கும் கீழே. சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த நிம்மதி அவ்வளவு நாள் தாங்காது.

மோசமாக வந்தால்? “நாளைக்கே ஸ்டென்ட்” என்று பதற வேண்டாம். இந்தியா உட்பட 37 நாடுகளில் 5,179 பேரைச் சேர்த்த இஸ்கீமியா ஆய்வு 2020-இல் வெளியானது. மிதமான அல்லது கடுமையான ரத்தக் குறைவு காட்டியவர்களில் ஒரு பாதிக்கு மருந்து மட்டும், மறுபாதிக்கு மருந்தோடு ஆஞ்சியோவும் ஸ்டென்ட் அல்லது பைபாஸும். ஏறக்குறைய மூன்று வருடத்தில் மரணம், மாரடைப்பு கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி அடிக்கடி வருகிறவர்களுக்கு மட்டும் ஸ்டென்ட், பைபாஸ் பக்கம் நிவாரணம் கூடுதலாக இருந்தது. இடது பிரதானக் குழாயில் அடைப்பு உள்ளவர்களும் இதயம் மிகவும் பலவீனமானவர்களும் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. நிலையான நெஞ்சுவலிக்காரருக்கு இரண்டாவது கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை அவசரப்படுத்திப் பறிப்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள்.

மறுபடியும் ஷிஃப்டுக்கு

ரிப்போர்ட்டில் யாரும் கவனிக்காத ஒரு எண் ‘மெட்ஸ்’. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தி 1 மெட். புரூஸ் முறையில் முதல் கட்டத்தை முடித்தால் 5-க்குப் பக்கம், இரண்டாவதில் 7, மூன்றாவதில் 10. எட்டு மணி நேர வேலைக்கு, ஒருவர் தன் உச்சத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து 40 சதவீதம் வரைதான் தொடர்ந்து தாங்க முடியும் என்பது தொழில் மருத்துவத்தின் பழைய கணக்கு. 7 மெட்ஸ் எட்டியவருக்கு அது 2.3 முதல் 2.8 மெட்ஸ்தான். நின்றபடி அசெம்பிளி செய்யலாம். நாள் முழுக்கக் கனமான பெட்டி தூக்குவது அவருக்கானதல்ல. ‘ஃபிட்’ என்ற ஒற்றை வார்த்தைச் சான்றிதழைவிட இந்த எண் கம்பெனி டாக்டருக்கு உதவும். மெட்ஸ் எழுதிய பக்கத்தின் நகலை அவரிடமே கொடுங்கள்.

டிரெட்மில் இருந்தது ஏ.சி. அறையில். பெயின்ட் பேக்கிங் ஓவன் பக்கமோ ஃபவுண்டரியிலோ மே மாதத்தில் நிற்கும்போது தோலைக் குளிர்விக்கவே இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கும். அந்த லோடு ஸ்கேனில் வராது. ஆகவே ரிவர்சிபிள் குறை உள்ளவர் மருந்து நிலைப்படும் வரை வெக்கையில்லாத ஸ்டேஷனைக் கேட்டு வாங்க வேண்டும். கிரேன், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் மயங்கினால் கீழே நிற்பவர்களுக்கும் ஆபத்து. அவர் டாக்டர் எழுதிக் கொடுக்கும் வரை ஏறக் கூடாது. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்குத் தகுதி இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்ப் பயனாகக் கிடைக்கும். லீவு போட்டால் வேலை போய்விடும் என்று பயந்து மாத்திரையை விழுங்கிவிட்டு லைனில் நிற்பவர்கள் இதைக் கேட்டு வாங்குவதில்லை. டாக்டரின் விடுப்புச் சான்றிதழ் இ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாக வர வேண்டும். தனியார் கிளினிக் சீட்டு மட்டும் செல்லாது.

ஸ்கேன் படங்கள் பதிந்த சி.டி. தட்டை ரிப்போர்ட்டோடு சேர்த்து வாங்குங்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து இன்னொரு ஸ்கேன் எடுக்க நேர்ந்தால், பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் புதியதை முழுதாகப் படிக்க முடியாது. கம்பெனி மாறினாலும் ஊர் மாறினாலும் ஆஸ்பத்திரி உங்களைத் தேடிவந்து தராது. அந்தத் தட்டின் உறை மேல் தேதியும், ஓடினீர்களா மருந்து ஏற்றினார்களா என்பதும், அன்றைக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரைகளின் பெயரும் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.